அணைக்குக் கீழே ஆறு எவ்வளவு தாங்கும்?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே நெறியாளர் ஒரு கேள்வியைப் போட்டார். "குளுவாங்கைச் சுற்றி செம்புரோங், பெக்கோக், மச்சாப் என்று மூன்று அணைகள் இருக்கின்றன. வெள்ளத்தைத் தடுக்கத்தானே கட்டினார்கள்? அப்புறம் 2006, 2007, 2011, 2023 என்று வெள்ளம் ஏன் வந்துகொண்டே இருக்கிறது?" எனக்கு முன் பேசிய அன்பர்கள் மழை அதிகம் என்றார்கள். காட்டை அழித்துச் செம்பனை நட்டதைச் சொன்னார்கள். ஆற்றில் குப்பை கொட்டும் நம் பழக்கத்தையும் சொன்னார்கள். மூன்றையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் யாரும் தொடாத ஒரு விஷயம் இருக்கிறது. அணையிலிருந்து திறந்துவிடும் தண்ணீர், கரையைத் தாண்டாமல் கடல் வரைக்கும் போய்ச் சேர, கீழே இருக்கும் ஆற்றில் இடம் இருக்கிறதா? எவ்வளவு இடம்? அதைக் கடைசியாக யார் அளந்தார்கள்? அளப்பதற்கு யார் பணம் கொடுத்தார்கள்? எனக்கு ஒதுக்கிய நேரத்தை இந்தக் கேள்விக்கே செலவிட விரும்புகிறேன். இதைச் சரித்திரத்தின் வழியாகப் பார்த்தால்தான் விளங்கும்.

இரண்டு செம்புரோங்

குளுவாங்கின் நில அமைப்பு கொஞ்சம் விசித்திரமானது. இங்கே செம்புரோங் என்ற பெயரில் இரண்டு ஆறுகள் உண்டு. ஒன்று கிழக்கே போய் எண்டாவ் ஆற்றோடு சேர்ந்து தென்சீனக் கடலில் விழுகிறது. மற்றது மேற்கே ஓடி, சிம்பாங் கானான் வழியாக பத்து பகாட் ஆற்றில் கலந்து மலாக்கா நீரிணையை அடைகிறது. ஏறக்குறைய ஒரே மேட்டு நிலத்தில் பெய்கிற மழை இரண்டு கடலுக்குப் பிரிந்து போகிறது. நான் பேசப்போவது மேற்கே போகும் செம்புரோங்கைப் பற்றி.

ஆயர் ஈத்தாமைத் தாண்டி மேற்கே போனால் நிலம் மேசை போலத் தட்டையாக இருக்கும். கடலோரம் வரை களிமண்ணும், தானா காம்புட் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் கரிமண்ணும்தான். கால்வாய் வெட்டி நீரை வடித்தால்தான் அங்கே பயிர் செய்ய முடியும். ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: பாரிட் ராஜா, பாரிட் சூலோங், பாரிட் ஜாவா. பாரிட் என்றாலே கால்வாய்தானே! ஜாவாக்காரர்களும் பூகிஸ்காரர்களும் சீனர்களும் வெட்டிய கால்வாய்களின் பெயரிலேயே ஊர்கள் அமைந்துவிட்டன. உள்நாட்டில் 1909இல் ரயில் பாதை முழுமை பெற்ற பிறகு ரப்பர் தோட்டங்கள் பெருகின. அங்கே வடிகால் வெட்டியவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு.

ஜே.பி.எஸ். என்று நாம் சொல்லும் வடிகால் நீர்ப்பாசன இலாகா 1932இல் அமைக்கப்பட்டது. அதன் தொடக்க காலக் கவலையெல்லாம் பெரும்பாலும் நெல்லைப் பற்றியது. வெள்ளத்தைத் தேசியப் பிரச்சினையாகப் பார்க்க வைத்தது 1971 ஜனவரியில் கோலாலம்பூரை மூழ்கடித்த வெள்ளம். அதே ஆண்டு டிசம்பரில் நிரந்தர வெள்ளக் கட்டுப்பாட்டு ஆணையம் நிறுவப்பட்டது. தலைநகரம் நனைந்தால்தான் ஆணையம் பிறக்கும் போலிருக்கிறது. கிளந்தானில் 1967இல் வந்த வெள்ளம் அதற்குச் சளைத்ததல்ல.

1974இல் உலக வங்கி, மேற்கு ஜொகூர் விவசாய மேம்பாட்டுத் திட்டத்திற்குக் கடன் கொடுத்தது. கடலோரத்தில் அணைகரை எழுப்புவது, நீர்க்கதவு வைப்பது, பாரிட்டுகளை ஆழப்படுத்துவது, சிறு விவசாயிகளின் வருமானத்தை உயர்த்துவது ஆகியவை அதன் நோக்கம். கீழே இவ்வளவு செலவு செய்துவிட்டு, மேலேயிருந்து வரும் வெள்ளத்தை அப்படியே விட்டுவிட முடியாது. அந்த மேம்பாட்டின் தொடர்ச்சியாகத்தான் 1980களில் இந்த மேட்டு நிலத்தில் அணைகள் எழுந்தன. குளுவாங்கிற்கும் ஆயர் ஈத்தாமுக்கும் நடுவே செம்புரோங், யோங் பெங் பக்கத்தில் பெக்கோக், சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் மச்சாப்.

ஆக, இந்த அணைகள் முதலில் காக்க நினைத்தது குளுவாங் நகரத்தை அல்ல. கீழே இருக்கும் பத்து பகாட், பொந்தியான் விவசாய நிலங்களை. இதைப் பலர் மறந்துவிட்டார்கள். பிறகு செம்புரோங் ஏரியிலிருந்து குளுவாங், பத்து பகாட் வட்டார வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் போக ஆரம்பித்தது. வெள்ளத்தைத் தடுக்கும் அணை மழைக்காலத்திற்கு முன் காலியாக இருக்க வேண்டும். குடிநீர் கொடுக்கும் அணையோ எப்போதும் நிறைந்திருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தை ஒருவர் காலி செய் என்கிறார், இன்னொருவர் நிரப்பி வை என்கிறார். அணையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரியின் நிலைமையை நினைத்துப் பாருங்கள்!

கொள்ளளவு என்றால் என்ன?

வீட்டுக் கூரையில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு பெரியது என்பது ஒரு கணக்கு. அதிலிருந்து இறங்கும் குழாய் எவ்வளவு பருமன் என்பது வேறு கணக்கு. அணை தொட்டி, ஆறு குழாய். தொட்டியின் அளவு திறப்பு விழாக் கல்வெட்டிலேயே இருக்கும். குழாயின் அளவுதான் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அது மாறிக்கொண்டே இருக்கும்.

ஓர் ஆறு எவ்வளவு நீரைக் கொண்டுபோகும் என்பதை அதன் அகலம், ஆழம், சரிவு, அடித்தளத்தின் கரடுமுரடு ஆகிய நான்கும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. 1889இல் அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் இதற்கு ஒரு சூத்திரம் தந்தார். இன்று கணினியில் ஓடும் வெள்ளக் கணக்குகளிலும் அந்தச் சூத்திரமே உள்ளே இருக்கிறது. அதில் நாம் கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அகன்ற ஓர் ஆற்றில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் மணலால் தூர்ந்துவிட்டால், கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று நாம் நினைப்போம். அப்படியில்லை, ஏறக்குறைய பாதி போய்விடும். பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. தண்ணீர் அதே மாதிரி பழுப்பு நிறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

அணை கட்டிய ஆற்றில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. ஆண்டுதோறும் வரும் வெள்ளம்தான் ஆற்றின் துப்புரவுத் தொழிலாளி. மணலை வாரிக்கொண்டு போய்க் கடலில் போடுவது அதுதான். அணை அந்த வெள்ளத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால், அணைக்குக் கீழே வந்து சேரும் சிற்றாறுகளின் மண் அங்கங்கே தங்கிவிடும். கரையில் புதர் மண்டும். வெள்ளம் வராத பத்து வருடத்தில் ஆற்றோரத்தில் தோட்டம் போடுவார்கள், கடை போடுவார்கள், நகராண்மைக் கழகமும் வீடமைப்புக்கு அனுமதி கொடுத்துவிடும். அணை நன்றாக வேலை செய்யச் செய்ய, அதற்குக் கீழே ஆறு சுருங்குகிறது.

இது என் சொந்தக் கற்பனை என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தியாவில் ஒரு பெரிய ஆற்றில் இது அப்படியே நடந்திருக்கிறது.

தாமோதர் கொடுத்த பாடம்

வங்காளத்தின் துயரம் என்று பெயரெடுத்த ஆறு தாமோதர். 1943 ஜூலையில் பர்த்வானுக்குப் பக்கத்தில் அதன் இடது கரை உடைந்தது. போர்க்காலம். கல்கத்தாவை வட இந்தியாவோடு இணைக்கும் ரயில் பாதையும் கிராண்ட் டிரங்க் சாலையும் அறுந்துபோயின. பர்மா எல்லையில் ஜப்பானியர். கல்கத்தாவுக்கு ரயில் இல்லை. (அதே 1943இல்தான் இங்கே நம் தோட்டத்து ஆட்களை ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள்.) ஆங்கில அரசாங்கம் ஆடிப்போய்விட்டது. பர்த்வான் மகாராஜா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தார்கள். இயற்பியல் விஞ்ஞானி மேகநாத் சாகாவும் அதில் ஓர் உறுப்பினர். அமெரிக்காவின் டென்னசி பள்ளத்தாக்கில் செய்ததை இங்கேயும் செய்யலாம் என்று முடிவாகி, அங்கிருந்து வூர்துவின் என்ற பொறியாளரை வரவழைத்தார்கள்.

வூர்துவின் 1945 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். அவருடைய கணக்கின் அழகே அது கீழேயிருந்து தொடங்குவதுதான். தாமோதரில் வரக்கூடிய மிகப் பெரிய வெள்ளம் வினாடிக்கு 10 லட்சம் கன அடி. கீழ் வங்காளத்தில் ஆறு பாதுகாப்பாகக் கொண்டுபோகக்கூடியது 2.5 லட்சம் கன அடி. மீதியைப் பிடித்து வைக்க எட்டு அணைகள் வேண்டும். ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், இந்த எண்களின் பயங்கரம் புரியும்.

1948 ஜூலை 7ஆம் தேதி தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் உருவானது. 1953இல் திலையா, 1955இல் கோனார், 1957இல் மைத்தோன், 1959இல் பாஞ்செட். நான்கு அணைகளோடு வேலை நின்றுவிட்டது. எட்டில் பாதிதான். பணம் ஒரு காரணம், நிலம் இன்னொரு காரணம். கட்டிய அணைகளிலும் வெள்ள நீரைத் தேக்க வேண்டிய மேல்மட்டம் வரை நிலம் எடுத்து முடிக்கவில்லை. அதனால் தேக்கும் சக்தியும் குறைந்தது.

மேலே பாதிதான் கட்டினார்கள் என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். கீழே என்ன ஆனது என்பதைத்தான் குறைவாக எழுதுகிறார்கள். வூர்துவின் எடுத்துக்கொண்ட அந்த 2.5 லட்சம் கன அடி கல்லில் செதுக்கிய எண் ஆகிவிட்டது. ஆறோ அந்த எண்ணோடு நிற்கவில்லை. பழைய வெள்ளம் வந்து கழுவாததால் மணல் தங்கியது. பேகுவாஹனா என்ற இடத்திற்குக் கீழே தாமோதரின் பழைய கிளையான ஆம்தா கால்வாய் தூர்ந்து, நீரில் பெரும்பகுதி முண்டேஸ்வரி வழியாகப் போக ஆரம்பித்தது. இன்று கீழ்ப்பகுதிகளில் 1 லட்சம் கன அடி வந்தாலே மாவட்ட நிர்வாகம் தூக்கம் இழக்கிறது.

இதை முன்கூட்டியே சொன்ன ஒருவர் இருந்தார். கபில் பட்டாச்சார்யா என்ற வங்காளப் பொறியாளர். அணைகள் வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டால் கீழ் ஆறும் ஹூக்ளியும் தூர்ந்துபோகும் என்று 1950களிலேயே எழுதினார். யாரும் காது கொடுக்கவில்லை. 1978இல் பெருவெள்ளம் வந்தபோது அணைகள் தம் பங்குக்கு வெள்ளத்தின் உச்சியைப் பெருமளவு குறைத்தன. ஆனாலும் கீழ்ப்பகுதி மூழ்கியது. அணைகளுக்குக் கீழே பெய்த மழை ஒரு பக்கம், ஆற்றில் இடமில்லாதது மறுபக்கம். அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒரே சண்டைதான். மாநில அரசு, கழகம் தண்ணீரைத் திறந்துவிட்டு மனிதர்கள் செய்த வெள்ளம் என்று சொல்லும். கழகம், விதிப்படிதான் திறந்தோம் என்று சொல்லும். 2024 செப்டம்பரில் மேற்கு வங்காள முதல்வர் மம்தா பானர்ஜி தம் மாநிலப் பிரதிநிதிகளை அந்த அமைப்பிலிருந்தே விலக்கிக்கொள்ளும் அளவுக்குப் போய்விட்டது.

கீழ் தாமோதரின் கால்வாய்களைத் தூர்வாரிக் கரைகளைப் பலப்படுத்தும் பெரிய திட்டத்திற்கு உலக வங்கி 14.5 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது எப்போது தெரியுமா? 2019 டிசம்பரில். ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியும் அதே அளவு கடன் கொடுத்தது. பாஞ்செட் அணை கட்டி முடித்து 60 ஆண்டுகள் ஆன பிறகு! இடையில் பத்தாண்டுக்கு ஒரு முறையாவது ஆற்றை அளந்து, 2.5 லட்சம் என்ற எண்ணைத் திருத்திக்கொண்டே வந்திருந்தால் சண்டையில் பாதி இருந்திருக்காது.

சென்னையில் 2015

நமக்கு நெருக்கமான ஊருக்கு வருகிறேன். நம்மில் பலருக்குச் சென்னையில் சொந்தபந்தம் உண்டு. 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவை அவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

செம்பரம்பாக்கம் மிகப் பழைய ஏரி. சென்னைக்குக் குடிநீர் கொடுப்பதே அதன் இன்றைய முதல் வேலை. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இங்கேயும் நம் செம்புரோங்கின் அதே இக்கட்டுதான்: குடிநீருக்காக நிரப்ப வேண்டும், வெள்ளத்திற்காகக் காலி வைக்க வேண்டும். நவம்பர் முழுக்க மழை பெய்து ஏரி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் ஏரிப் பக்கமும் தாம்பரம் பக்கமும் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அன்று வினாடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள்.

இந்த எண்ணை வைத்துப் பெரிய அரசியல் நடந்தது. முன்பே திறந்திருக்க வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். வேறு வழியில்லை என்றார்கள் இன்னொரு சாரார். 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கை, நீரைத் திறந்துவிட்ட முறையைக் கடுமையாகக் குறை சொன்னது. அந்த விவாதத்திற்குள் நான் போகவில்லை. நான் கேட்பது வேறு: அடையாறு அன்றைக்கு எவ்வளவு தாங்கியிருக்கும்? ஏரியிலிருந்து வந்த நீர் மட்டுமா அடையாற்றில் ஓடியது? ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த நீரும் அதில்தான் சேர்ந்தது. அந்த நீருக்கு மதகு கிடையாது, பூட்டு கிடையாது. ஆற்றின் மேலேயே பாலம் போட்டு விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையை நீட்டியிருக்கிறார்கள். ஆற்றோரத்தில் குடியிருப்புகள் நெருக்கியிருந்தன. மதகைத் திறக்கும் அதிகாரியின் கையில், "கீழே இத்தனை ஆயிரம் கன அடிக்கு மேல் போனால் இந்த இந்தத் தெரு மூழ்கும்" என்று சொல்லும் புதுப்பிக்கப்பட்ட வரைபடம் இருந்தால்தான் முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் துணிச்சல் அவருக்கு வரும். அது கையில் இல்லாதவர் கடைசி நேரம் வரை காத்திருக்கவே செய்வார். மனித சுபாவம் அது.

பழைய தமிழகத்தில் ஒரு ஏரியின் கலிங்கு வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும், அது வழிந்தால் அதற்கடுத்த ஏரிக்கு. அந்த வழித்தடத்தைத் தூர்வாருவது ஊர்க்காரர்கள் பொறுப்பு. குடிமராமத்து என்று பெயர். வெள்ளைக்காரன் வந்து வரியையும் நிர்வாகத்தையும் தன் கையில் எடுத்த பிறகு அந்தப் பழக்கம் தேயத் தொடங்கியது. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றே போட்டு, ஊர்க்காரர்களை வேலைக்கு இழுக்க வேண்டிய நிலை. ஆற்றைப் பராமரிக்கும் செலவு யாருடையது என்ற சண்டை அவ்வளவு பழையது.

பணத்தைப் பற்றி

அமெரிக்கா போன்ற பணக்கார நாட்டிலாவது இது ஒழுங்காக நடக்கிறதா என்றால், அங்கேயும் இதே கதைதான். டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரம் 1935இல் மூழ்கியது. அதன் பிறகு நகரத்திற்கு மேற்கே பார்க்கர், ஆடிக்ஸ் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு அணைகளை 1940களில் கட்டினார்கள். முதலில் போட்ட திட்டத்தில் இருந்த மூன்றாவது அணையும் கால்வாய்களும் கட்டப்படவேயில்லை. அணைகளுக்குக் கீழே ஓடும் பஃபலோ பாயூ என்ற ஓடையின் கரையில் வசதியான குடியிருப்புகள் வளர்ந்தன. அதனால் வினாடிக்கு 2,000 கன அடிக்கு மேல் போகாதபடி மதகுகளை இயக்கி வந்தார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்தபோது அந்தக் கட்டுப்பாடு தாக்குப்பிடிக்கவில்லை. பல மடங்கு திறக்க வேண்டியதாயிற்று. அணைக்கு மேலே இருந்த வீடுகளும் மூழ்கின, கீழே இருந்த வீடுகளும் மூழ்கின. வழக்குகள் ஆண்டுக் கணக்கில் நடந்தன. அந்த ஓடையின் கொள்ளளவையும் அணைகளையும் சேர்த்து முழுமையாக ஆராய சுமார் 60 லட்சம் டாலர் ஒதுக்கியது 2018இல். புயல் அடித்து ஓய்ந்த பிறகு! ஹார்வியால் ஏற்பட்ட சேதம் பல்லாயிரம் கோடி டாலர். அதோடு ஒப்பிட்டால் ஆய்வுக்குக் கொடுத்தது தேநீர்க் கடைச் சில்லறை.

சரி, நம் ஊரில் யார் கொடுப்பது? கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரே மாநிலத்திற்குள் ஓடி முடியும் ஆறு மாநிலத்தின் அதிகாரத்தில் வருகிறது. பத்து பகாட் ஆறு முழுக்க முழுக்க ஜொகூருக்குள் ஓடுவது. ஆனால் வடிகாலும் நீர்ப்பாசனமும் பொதுப் பட்டியலில் இருக்கின்றன. பெரிய வெள்ளத் தடுப்புத் திட்டங்களுக்குப் பணம் மலேசியத் திட்டங்களின் வழியாகக் கூட்டரசிடமிருந்துதான் வருகிறது. ஆற்றோர நிலம் மாநில நில இலாகாவிடம். அங்கே வீடு கட்ட அனுமதிப்பது ஊராட்சி மன்றம். குடிநீர் எடுப்பது தண்ணீர் நிறுவனம். ஆற்றின் கொள்ளளவை அளந்து வைத்திருந்தால் இத்தனை பேருக்கும் பயன். ஆனால் இத்தனை பேரில் யாருடைய வரவு செலவுக் கணக்கிலும் அது முதல் வரியாக வராது. தூர்வாரும் குத்தகை என்றால் இயந்திரம் வரும், படம் எடுக்கலாம். ஆய்வு என்றால் ஓர் அறிக்கைதான் வரும். அதற்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

நாடு தழுவிய முதல் பெரிய நீர்வள ஆய்வையே 1982இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனம்தான் நமக்குச் செய்து கொடுத்தது. 1995இல் நாமே நஹ்ரிம் என்ற தேசிய நீரியல் ஆய்வுக் கழகத்தை ஏற்படுத்திக்கொண்டோம். பாரிட் ராஜாவிலேயே ஒரு தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது, செம்புரோங் ஆறு அதற்கு எட்டும் தூரத்தில்தான் ஓடுகிறது. இன்று ஆள் இல்லை என்று சொல்ல முடியாது.

நம் பகுதியில் இந்த ஆய்வு மற்ற இடங்களைவிட அவசரம் என்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. கரிமண் நிலத்தை வடித்தால் அது காய்ந்து, மக்கி, அமுங்கும். மேற்கு ஜொகூரில் பல ஆண்டு எடுத்த அளவுகளை வைத்து 1997இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த நிலம் ஆண்டுக்குச் சராசரியாக 2 சென்டிமீட்டர் தாழ்கிறது என்று சொன்னது. 50 வருடத்தில் ஒரு மீட்டர்! உலக வங்கித் திட்டக் காலத்தில் எடுத்த நில மட்டங்களை வைத்து இன்று கணக்குப் போட்டால் விடை தப்பாகத்தான் வரும். வயலும் தோட்டமும் கீழே இறங்குகின்றன; கடல் இறங்கவில்லை. கடல் மட்டம் ஏறும்போது பாரிட்டுகளின் கதவை மூடித்தான் வைக்க வேண்டும். மூடியிருக்கும் அந்த மணி நேரங்களில் மேலேயிருந்து வரும் அணை நீர் எங்கே போகும்? நிலத்தில்தான் பரவும்.

2006 டிசம்பரில் ஒரு முறை, 2007 ஜனவரியில் ஒரு முறை என்று இரண்டு அலையாக வந்த வெள்ளத்தில் ஜொகூரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 18 பேர் இறந்தார்கள். அப்போது கோத்தா திங்கியில் நீர் வேகமாக ஏறி வேகமாக இறங்கியது; பத்து பகாட், யோங் பெங் பகுதிகளிலோ வாரக் கணக்கில் தேங்கி நின்றது. 2023 மார்ச்சிலும் அப்படியே. செம்புரோங், பெக்கோக் அணைகள் அபாய மட்டத்தைத் தாண்டின. மாநிலத்தில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நிவாரண மையங்களில் இருந்தார்கள். மழை நின்று வெயில் அடித்த பிறகும் பத்து பகாட் மக்கள் மாதக் கடைசி வரை பள்ளிக்கூட மண்டபங்களில்தான் படுத்திருந்தார்கள். வானத்தில் மழை இல்லாமல் வெள்ளம் இவ்வளவு நாள் நிற்கிறது என்றால், வாசல் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அது தூர்ந்த ஆறா, தாழ்ந்த நிலமா, கடல் ஏற்றமா, பாலத்தடியில் உள்ள நெருக்கமா? நான்கும் இருக்கலாம். எது எவ்வளவு என்பது அளந்தால்தான் தெரியும். அளக்காமல் தூர்வாரினால், அடைப்பு ஓர் இடத்தில் இருக்க, வேறோர் இடத்தில் மண்ணை அள்ளிக்கொண்டிருப்போம்.

அளப்பது எப்படி என்றும் கேட்கிறீர்கள். செம்புரோங் அணையின் உபரி நீர் இறங்கும் இடத்திலிருந்து சிம்பாங் கானான் வரைக்கும், பெக்கோக்கிலிருந்தும் அதே மாதிரி, குறிப்பிட்ட இடைவெளியில் ஆற்றின் குறுக்கு வெட்டை அளந்து வர வேண்டும். படகில் ஒலிமானி வைத்து ஆழம் பார்ப்பார்கள். ஒவ்வொரு பாலத்தின் அடித்தட்டு உயரத்தையும் குறித்துக்கொள்வார்கள். கரையோர நில மட்டத்தைப் புதிதாக எடுப்பார்கள். முகத்துவாரம் வரை கடல் ஏற்ற இறக்கத்தைப் பதிவு செய்வார்கள். இவ்வளவும் வறண்ட மாதங்களில் செய்யும் வேலை. அடுத்தது மிக முக்கியம்: வெள்ளம் ஓடும்போதே ஆற்றின் வேகத்தை அளக்க வேண்டும். அப்போதுதான் கணினிக் கணக்கு சரியா என்று தெரியும். அந்த வேலைக்கு வடகிழக்குப் பருவமழைக் காலமான நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரைதான் வாய்ப்பு.

இதில்தான் பணத்தின் நாள்காட்டி குறுக்கே வருகிறது. கூட்டரசின் வரவு செலவுத் திட்டம் அக்டோபர் வாக்கில் தாக்கல் ஆகிறது. பணம் ஜனவரியில் திறக்கும். குத்தகை அழைப்பு, தேர்வு, கையெழுத்து என்று நடுவில் சில மாதங்கள் போகும். ஏப்ரலுக்குள் ஆட்கள் ஆற்றில் இறங்கினால் செப்டம்பருக்குள் குறுக்கு வெட்டுகள் முடியும், நவம்பரில் வெள்ளத்தை அளக்கத் தயாராக நிற்கலாம். கையெழுத்து ஆகஸ்டுக்குத் தள்ளிப்போனால் அந்த ஆண்டின் பருவமழையை விட்டுவிட்டு அடுத்த ஆண்டின் நவம்பருக்குக் காத்திருக்க வேண்டியதுதான். குளுவாங், ஆயர் ஈத்தாம், யோங் பெங் சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும் அன்பர்கள் அணையின் கொள்ளளவைக் கேட்க வேண்டாம், அதை ஜே.பி.எஸ். அதிகாரியே சொல்லிவிடுவார். அணைக்குக் கீழே ஆற்றைக் கடைசியாக எந்த ஆண்டில் அளந்தார்கள், அடுத்த அளவுக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு ரிங்கிட் கேட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஜூன் மாதத்திற்குள் கேட்டால் நல்லது. அக்டோபர் பட்ஜெட்டுக்கான பட்டியல்களை இலாகாக்கள் அதற்குள் தயார் செய்துகொண்டிருக்கும்.